குத்துச்சண்டைக் கையுறை: திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் வட்டாரத்தில் வாங்குவோருக்கு

குத்துச்சண்டைக் கையுறை, பேச்சில் பாக்ஸிங் கிளவுஸ், மூடிய கையைச் சுற்றி மெத்தை அடைத்துத் தைத்த கவசம். குத்துபவரின் விரல் முட்டிகளையும் குத்து வாங்குபவரின் முகத்தையும் ஒருசேரக் காப்பது இதன் வேலை. திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் போட்டியில் இறங்குவோர் மட்டும் இதை வாங்குவதில்லை. கராத்தே, கிக் பாக்ஸிங் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளும், உடம்பு குறைக்க ஜிம்மில் தொங்கும் குத்துப்பையைக் குத்துவோரும் வாங்குகிறார்கள். மூவருக்கும் தேவை வேறு, ஆனால் கடையில் மூவரும் முதலில் கேட்பது கம்பெனிப் பெயரைத்தான். பெயருக்குக் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு கையுறைக்குள் போகிறது என்பதை எடை, உள்ளடைப்பு, மணிக்கட்டுப் பிடிப்பு, வியர்வையைத் தாங்கும் திறன் ஆகிய நான்கையும் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

வரலாறு

லண்டனில் ஜாக் பிராட்டன் என்ற குத்துச்சண்டை வீரர் 1740களில் தம்மிடம் பயில வந்த கனவான்களின் மூக்கும் தாடையும் தப்பட்டும் என்று மெத்தை உறைகளை மாட்டிவிட்டார். பந்தயச் சண்டை அப்போதும் வெறுங்கையில்தான் நடந்தது. 1867-இல் வெளியான குவீன்ஸ்பரி விதிகள் கையுறையைக் கட்டாயமாக்கின. உறை புதியதாக, நல்ல தரத்தில் இருக்க வேண்டும் என்றும் அவை கேட்டன. தரம் பற்றிய சச்சரவும் அன்றே தொடங்கிவிட்டது.

தமிழகத்தில் இந்த விளையாட்டின் பேர்போன களம் வடசென்னை. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்னும் குத்துச்சண்டைப் பரம்பரைகளின் மோதல்களை 2021-இல் வந்த பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ படம் ஊரெங்கும் கொண்டுசேர்த்தது. முகமது அலி 1980-இல் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியதை நேரில் பார்த்தவர்கள் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். திருச்சியில் இதற்கு இணையான பரம்பரை கிடையாது. இங்கே நெருங்கிய தொடர்பு என்றால் அது பொன்மலை வழியாகத்தான். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்து 1928-இல் பொன்மலையில் அமைந்தபோது, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் ரயில்வே காலனிக்கு வந்து சேர்ந்தன. இந்தியாவின் ரயில்வே காலனிகளில் ஆங்கிலோ இந்திய இளைஞர்கள் ஹாக்கியோடு விரும்பி ஆடியவற்றில் குத்துச்சண்டையும் ஒன்று.

எடை

கையுறையின் எடை அவுன்ஸில் குறிக்கப்படுகிறது. ஓர் அவுன்ஸ் 28.35 கிராம். குறிக்கப்படும் எண் ஜோடிக்கு அல்ல, ஒற்றைக் கைக்கு. 10 அவுன்ஸ் உறை 283 கிராம், 12 அவுன்ஸ் 340 கிராம், 16 அவுன்ஸ் 454 கிராம். தொழில்முறைப் போட்டியில் வெல்டர்வெயிட் வரை, அதாவது 66.7 கிலோ வரை, ஆண்கள் 8 அவுன்ஸ் அணிவதும் அதற்கு மேல் 10 அவுன்ஸ் அணிவதும் பொது வழக்கம். ஒலிம்பிக் பாணிப் போட்டியில் பெண்கள் எல்லா எடைப்பிரிவிலும் 10 அவுன்ஸும், ஆண்களில் கீழ்ப்பிரிவினர் 10 அவுன்ஸும் மேல்பிரிவினர் 12 அவுன்ஸும் அணிகிறார்கள்.

பயிற்சியின் கணக்கு வேறு. பை குத்த 10 அல்லது 12 அவுன்ஸ் போதும். எதிரே ஆள் நிற்கும் ஸ்பாரிங்குக்குப் பெரியவர்கள் 14 அல்லது 16 அவுன்ஸ் அணிய வேண்டும். அது எதிராளிக்குச் செய்யும் மரியாதை. சிறு பிள்ளைகளுக்கு 6, 8 அவுன்ஸ். ‘வளர்ந்தாலும் போட்டுக்கொள்ளட்டும்’ என்று பள்ளிச் சட்டை வாங்குகிற கணக்கில் பெரிய எண் எடுத்தால், உள்ளே கை ஆடும், மணிக்கட்டு பிசகும். மலிவு உறைகளில் எழுதிய எடைக்கும் இருக்கும் எடைக்கும் வித்தியாசம் வருவதுண்டு. மளிகைக்கடை மின்தராசே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

உள்ளடைப்பு

வெளித்தோல் பளபளப்பில் ஏமாறுபவர்கள் உள்ளடைப்பைக் கேட்பதில்லை. விலை குறைந்தவற்றில் ஒரே அடர்த்தியுள்ள ஃபோம் தகடு இருக்கும். அது சில மாதத்தில் நசுங்கி, முட்டி பையின் கடினத்தை நேராக உணரத் தொடங்கும். அச்சில் வார்த்த ஒற்றைத்துண்டு ஃபோம் வடிவம் கலையாது. முதலில் விறைப்பாக இருக்கும், போகப்போகப் பழகும். அடுக்கு ஃபோமில் உள்ளே மென்மையும் வெளியே கெட்டியும் இருப்பதால் அடி பரவுகிறது. குதிரை முடி அடைத்த மெக்சிகோ பாணிப் போட்டி உறையில் மெத்தை ஒல்லி, குத்து ‘சுருக்’கென்று இறங்கும்.

இந்த வேறுபாடு வெறும் சௌகரியப் பேச்சு இல்லை. 2014 மே மாதம் லாஸ் வேகாஸில் மேவெதர் – மைதானா சண்டைக்கு முன், மைதானாவின் எவர்லாஸ்ட் கம்பெனி எம்எக்ஸ் உறையை மெத்தை போதாது என்று மேவெதர் தரப்பு ஏற்கவில்லை. மைதானா அதே கம்பெனியின் பவர்லாக் உறையோடுதான் இறங்கினார். அதற்கு முன் நடந்தது இன்னும் கொடியது. 1983 ஜூனில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பில்லி காலின்ஸுடன் மோதிய லூயிஸ் ரெஸ்டோ போட்ட உறைகளிலிருந்து மெத்தை உருவப்பட்டிருந்தது. காலின்ஸின் கண் பாதிக்கப்பட்டு அவர் குத்துச்சண்டை வாழ்க்கை அத்துடன் முடிந்தது. ரெஸ்டோவும் பயிற்சியாளர் பனாமா லூயிஸும் சிறை சென்றார்கள். வெளியே முத்திரை எதுவாக இருந்தாலும் ஆளைக் காப்பது உள்ளே இருப்பதுதான்.

கம்பெனிகளும் விலையும்

இந்தியச் சந்தையில் எளிதாகக் கிடைப்பவற்றில் யு.எஸ்.ஐ. யுனிவர்சல் ஒன்று. அதன் தொடக்கநிலை ரெக்ஸின் உறைகள் ஏறக்குறைய ஆயிரம் ரூபாயிலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் வரை போகின்றன. அசல் தோல் உறைகள் அதற்கு மேல். முதல் ஆறு மாதம் தாக்குப்பிடிப்பாரா என்று தெரியாத மாணவருக்கு இந்த விலைக்கு மேல் போவது வீண். எவர்லாஸ்ட் 1910-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸில் ஜேக்கப் கோலம்ப் நீச்சலுடை தைக்கத் தொடங்கிய கடை. வீரர் ஜாக் டெம்ப்சி வழியாகக் குத்துச்சண்டைக்குத் திரும்பியது. பெயர் பெரியது, ஆனால் அந்தப் பெயரின் கீழ் விற்பவை எல்லாம் ஒரு தரம் இல்லை. ஆரம்ப ரக ரெக்ஸின் ஜோடிகளில் மணிக்கட்டுப் பட்டை தளர்வு என்பது பரவலான புகார். பவர்லாக் வரிசையில் அந்தக் குறை இல்லை.

பிரான்சின் வெனம், குறிப்பாக சேலஞ்சர் வகை, நடுத்தர விலையில் நல்ல பேரம். மூன்று அடர்த்தி ஃபோம், நீண்ட வெல்க்ரோ பட்டை, தோல் அல்லாத வெளியுறை. 2006-இல் தொடங்கிய கனடாவின் ஹயபுசா தன் டி-3 வகையில் மணிக்கட்டை இரட்டைப் பட்டையால் பூட்டுகிறது. அதுவும் செயற்கைத் தோல்தான், ஆனால் வெளிநாட்டு விலையே 150 டாலரை ஒட்டியோ தாண்டியோ நிற்கிறது. ‘ரெக்ஸின் என்றால் மட்டம்’ என்ற கடைத்தெரு நம்பிக்கைக்கு இதைவிட நல்ல மறுப்பு தேவையில்லை.

தாய்லாந்து உறைகள் தனி ரகம். 1971-இல் துணித் தொழிலாகத் தொடங்கிய ஃபேர்டெக்ஸும், ட்வின்ஸ் ஸ்பெஷலும் கைத்தையலில் அசல் தோல் தருகின்றன. விலை 100 டாலரைச் சுற்றி. ஃபேர்டெக்ஸ் இறுக்கம், ஒல்லிக் கைக்குப் பொருந்தும். ட்வின்ஸ் விசாலம், அகன்ற கைக்கும் உறைக்குள் கையில் சுற்றும் தடித்த கைப்பட்டைக்கும் ஏற்றது. முவாய் தாய் சண்டைக்கு உதைகளைத் தடுக்கவும் கழுத்தைப் பிடிக்கவும் வேண்டும் என்பதால் புறங்கையிலும் மெத்தை பரவியிருக்கும், உள்ளங்கை எளிதாகத் திறக்கும். கிக் பாக்ஸிங் பயில்பவர் குத்துச்சண்டை உறையைவிட இதை முதலில் பார்க்க வேண்டும். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இவை சாதாரணமாகக் கிடைக்கின்றன. அங்கிருந்து திருச்சி விமானநிலையத்தில் வந்திறங்கும் சொந்தக்காரர் பெட்டியில் ஒரு ஜோடிக்கு இடம் கேட்பது இந்த ஊருக்கே வாய்த்த வசதி. கையளவு மட்டும் சரியாகச் சொல்லி அனுப்ப வேண்டும்.

உச்சியில் ஜப்பானின் வின்னிங், 1937-இல் தோன்றியது. உலகின் பல முன்னணி வீரர்கள் ஸ்பாரிங்கில் கையைப் பாதுகாக்க இதையே நம்புகிறார்கள். அமெரிக்கச் சந்தையில் 400 டாலரைத் தாண்டும். மெக்சிகோவின் கிளெட்டோ ரெயெஸ் 200 டாலருக்கு மேல், குத்துபவருக்கு இனிக்கும், குத்து வாங்குபவருக்கு வலிக்கும். வாரம் மூன்று நாள் பை குத்தும் ஒருவருக்கு இந்த இரண்டும் தேவையில்லை. ஆசைக்கு வாங்கலாம், தரத்துக்காக என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

எங்கே தயாராகிறது

உலகின் கையுறைத் தலைநகரம் பாகிஸ்தானின் சியால்கோட். மேலை நாட்டுக் கம்பெனிகள் பலவற்றின் முத்திரை அங்கேதான் தைக்கப்படுகிறது. 1947-இல் அந்த ஊரிலிருந்து வெளியேறிய விளையாட்டுப் பொருள் தொழிலாளர்களும் முதலாளிகளும் ஜலந்தரிலும் மீரட்டிலும் வேரூன்றினார்கள். இந்திய உறைகளின் தையல் மரபு அப்படி வந்தது. புல்வாமா தாக்குதலுக்குப் பின் 2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் பொருள்களுக்கு இந்தியா 200 விழுக்காடு சுங்கவரி விதித்தது. 2025 மே மாதம் மூன்றாம் நாட்டு வழியாக வருவதையும் சேர்த்து முழுத் தடை போட்டது. இணையத்தில் சியால்கோட் உறை மலிவாகக் கிடைப்பதாகக் காட்டும் வெளிநாட்டு விலைப்பட்டியல்கள் திருச்சி வாங்குபவருக்குப் பயன்படாது.

இதில் ஒரு வினோதம். விமானநிலையம் போகும் வழியிலுள்ள செம்பட்டு பல தலைமுறைகளாகத் தோல் பதனிடும் ஊர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட ‘ஈ.ஐ.’ (ஈஸ்ட் இந்தியா) தோல் திருச்சி, திண்டுக்கல் வட்டாரத்துப் பெயரை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோயிற்று, புவிசார் குறியீடும் பெற்றது. ஆனாலும் கையுறைத் தொழில் இங்கே வளரவில்லை. தாவரப்பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பும் உறுதியும் கொண்டது. கையுறைக்கு மென்மையாக மடங்கும் குரோம் பதனிட்ட தோலே பெரும்பாலும் பயன்படுகிறது. தோல் கையிருப்பில் இருந்தால் மட்டும் போதாது, மெத்தை திணித்து வளைத்துத் தைக்கும் கைப்பழக்கமும் வேண்டும்.

வியர்வையும் பராமரிப்பும்

கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் கையுறையின் முதல் எதிரி குத்து அல்ல, வியர்வை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈர உறையைப் பையில் சுருட்டி வைத்தால் சில நாளில் பூஞ்சை பிடித்து நாற்றம் எழும். அதற்காக மொட்டைமாடி வெயிலில் காயப்போடுவது இன்னும் கெடுதல். தோல் விறைத்து வெடிக்கும், ரெக்ஸின் உரியும். உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, வாயை அகல விரித்து, மின்விசிறிக் காற்றில் நிழலில் வைப்பதே சரி. உள்ளங்கையில் காற்றுத் துளையுள்ள வகை இந்த ஊருக்குக் கூடுதல் பணம் கொடுத்து வாங்கத் தக்கது.

வியர்வையில் பாதியைக் கைப்பட்டை குடித்துவிடும். ஒரு கைக்கான முழுநீளப் பட்டை 4.5 மீட்டர், எட்டு முழ வேட்டியைவிட நீளம். பருத்திப் பட்டை இரண்டு மூன்று ஜோடி வைத்துத் தினம் துவைத்தால் உறையின் ஆயுள் கண்கூடாக நீளும். பட்டை கட்டாமல் உறைக்குள் கை விடுவோர் விரலையும் உறையையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள்.

தோல் பொருளை வீட்டுக்குள் விரும்பாத குடும்பங்களுக்குச் செயற்கைத் தோல் வழிவிடுகிறது. தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் இல்லாத தடை கிளவுஸுக்கு ஏன் என்ற கேள்வியை அவரவர் வீட்டுப் பாட்டியிடம்தான் கேட்க வேண்டும்.

வாங்கும்போது

பட்டை கட்டிய கையோடு போட்டுப் பார்க்க வேண்டும். வெறுங்கைக்கு அளவாக இருப்பது பட்டையோடு நுழையாது. விரல் நுனி உச்சியைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும், முஷ்டி சிரமமில்லாமல் மூட வேண்டும், கட்டைவிரல் உறையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்க வேண்டும். நாடா கட்டும் வகை மணிக்கட்டை நன்றாகப் பிடிக்கும், ஆனால் கட்டிவிட இன்னொருவர் வேண்டும். தனியாகப் பயில்பவர் வெல்க்ரோவோடு நிற்கலாம். இணையத்தில் பெரிய கம்பெனிப் பெயரில் பாதி விலைக்கு வருபவற்றில் போலி உண்டு. எழுத்துரு, தையல் நேர்த்தி, உள்துணி ஆகியவற்றை அசலோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் சீட்டைக் கிழிக்க வேண்டும்.

பைக்கும் ஸ்பாரிங்குக்கும் ஒரே ஜோடியை ஓட்டினால், பையில் நசுங்கிக் கெட்டியான மெத்தை எதிராளியின் முகத்தில் இறங்கும். பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கியவர் அதை ஒற்றை ஜோடியில் போடாமல் 12 அவுன்ஸில் ஒன்றும் 16 அவுன்ஸில் ஒன்றுமாக நடுத்தர விலை ஜோடிகள் இரண்டு எடுக்கலாம். ஒன்று காயும்போது மற்றது கையில் இருக்கும். உறையை மாட்டிக்கொண்டு முட்டிப் பகுதியை மறுகைக் கட்டைவிரலால் அழுத்தும்போது உள்ளே எலும்பு தட்டுப்பட்டாலோ அழுத்திய குழி எழும்பாமலே கிடந்தாலோ அந்த ஜோடியை ஸ்பாரிங்கிலிருந்து விலக்கிவிட வேண்டும், அது எந்தக் கம்பெனியாக இருந்தாலும்.