குளிர்காலப் பயிற்சியும் நம்ம ஊர் ஆசான்மாரும்

நம்ம மாவட்டத்துக்காரரிடம் குளிர்காலம் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, கும்பப்பூ வயல் பச்சைப் பிடித்து நிற்கும் மார்கழியில், காலையில் தலையில் ஒரு துவர்த்தைச் சுற்றிக்கொண்டு சாயாக்கடைக்குப் போகிறோமே, அதுதான் நமக்குக் குளிர். ஆனாலும் அந்த ஒன்றரை மாதம்தான் இங்கே வெளியே நடமாட நல்ல காலம். சுசீந்திரம் தேரோட்டம் அப்போதுதான். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிற பிள்ளைகளும் அப்போதுதான் வீட்டில் இருப்பார்கள். பணி ஓய்வு பெற்றதிலிருந்து எங்கள் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மார்கழியில் ஒரு நாள் மருந்துவாழ்மலை, ஒரு நாள் சிதறால். மூன்று நான்கு குடும்பங்கள், கட்டுச்சோறு, ஒரு தார் மட்டிப்பழம், ஃபிளாஸ்கில் சுக்குக்காப்பி.

போன மார்கழியில் பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள் வயிற்றுப் பேரன் தினமும் காலை ஐந்து மணிக்கு முற்றத்தில் ஜமுக்காளத்தை விரித்து முன்னும் பின்னும் உருண்டுகொண்டிருந்தான். பாட்டிக்குப் பயம், பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று. கேட்டால், "அய்க்கிடோ, பாட்டா. லீவுன்னு விட்டா உடம்பு மறந்துடும்" என்றான். மூன்று வருடமாகப் படிக்கிறானாம். ஜப்பானில் இதற்கென்றே குளிரில் ஒரு பயிற்சி உண்டு என்றும் சொன்னான். அவனிடம் கேட்டது கொஞ்சம், பிறகு நான் தேடிப் படித்தது மிச்சம்.

கான்கெய்கோ என்று பெயர். கான் என்றால் குளிர், கெய்கோ என்றால் பயிற்சி. ஜப்பானியப் பஞ்சாங்கப்படி ஜனவரி 5, 6 தேதிகளில் 'சிறு குளிர்' தொடங்கும், 20 வாக்கில் 'பெருங்குளிர்' வரும். அந்த நாட்களில் விடியுமுன் எழுந்து, சூடேற்றாத கூடத்தில் வெறுங்காலோடு பயிற்சி செய்வது ஜூடோ, கெண்டோ, அய்க்கிடோ எல்லாவற்றிலும் உள்ள பழைய வழக்கம். பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்கிறார்கள். ஜனவரியிலேயே புத்தாண்டு அரிசி அடையை உடைக்கும் சடங்கும் பயிற்சிக் கூடங்களில் நடக்கும். அன்று சிவப்புப் பயறை இனிப்பாகக் காய்ச்சி அந்த அடைத் துண்டைப் போட்டுக் கூடி உட்கார்ந்து குடிக்கிறார்கள். நம் பயற்றங்கஞ்சிக்குச் சர்க்கரை போட்டால் எப்படி இருக்குமோ அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக் களரிக் கணக்கு இதற்கு நேர் எதிர். மலையாளக் கரையிலும் இங்கேயும் உடம்பை வளைக்க ஏற்ற காலம் என்று சொன்னது கர்க்கடகத்தை, அதாவது ஆடி மாதத்தை. மழையில் உடம்பு சூடேறாமல் இருக்கும், எண்ணெய் போட்டு உழிச்சல் செய்தால் தசை இளகும், மருந்துக்கஞ்சி செரிக்கும் என்பது அதன் நியாயம். ஜப்பான்காரன் மனதைக் கடினமாக்கக் குளிரைத் தேடினான். நம் ஆசான் உடம்பை இளக்க மழையைத் தேடினார். எனக்கு இரண்டாவதுதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது. ஊர்ப்பாசம் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

சிதறாலுக்குப் போனபோது நடந்ததைச் சொன்னால்தான் இந்தக் கட்டுரை எதற்கு என்று புரியும். மலையடிவாரத்தில் சாப்பாட்டுக்குப் பிறகு பேரனை ஏதாவது செய்துகாட்டச் சொன்னார்கள். அவன் என் நண்பர் ஒருவரின் கையைப் பிடித்து மணிக்கட்டை உள்பக்கமாகத் திருப்பினான். 'இரண்டாம் பாடம்' என்று அதற்குப் பெயராம். நண்பர் பாதி குனிந்தார். பிறகு எப்படியோ முழங்கையை ஒரு சுற்றுச் சுற்றினார். இப்போது பையன் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தான்! "இது பூட்டு மக்ளே. நீ போட்டதும் பூட்டுதான். நான் செஞ்சது பிரிவு. எங்க அப்பா சொல்லித்தந்தது இவ்வளவுதான், மிச்சத்த அவரு கொண்டுபோயிட்டாரு" என்றார் நண்பர். அவருடைய தகப்பனார் விளவங்கோடு பக்கத்தில் பெயர் பெற்ற ஆசான்.

மிச்சத்தை அவர் கொண்டுபோய்விட்டார் என்ற அந்தப் பேச்சு எனக்கு மனதில் தங்கிவிட்டது. இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே கைப்பிடி. ஒன்று இன்று 140 நாடுகளில் நடக்கிறது. மற்றது பிறந்த தாலுகாவிலேயே தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. ஏன்?

முதலில் ஜப்பான் கதை. அய்க்கிடோவை உண்டாக்கிய மொரிஹெய் உயேஷிபா 1883 டிசம்பரில் தனாபே என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். 1912-இல் தன் ஊர்க் குடும்பங்கள் ஐம்பதுக்கு மேல் கூட்டிக்கொண்டு, வடக்குக் கோடியில் உள்ள ஹொக்கைடோ தீவில் ஷிராதாகி என்ற இடத்துக்குக் காடு திருத்திக் குடியேறப் போனார். பனி ஆள் உயரத்துக்கு விழுகிற சீமை. அங்கே 1915-இல், எங்காரு என்ற ஊர்ச் சத்திரத்தில் தகேதா சொகாகு என்ற பழைய சாமுராய் குடும்பத்து ஆசானைச் சந்தித்தார். தகேதா கற்றுத்தந்தது தைத்தோ-ரியூ என்ற பூட்டுக் கலை. உயேஷிபா வீட்டு வேலை, குடியேற்ற வேலை எல்லாவற்றையும் விட்டுச் சத்திரத்திலேயே தங்கிப் படித்தார். பிறகு ஆசானைத் தன் ஊருக்கே அழைத்துக்கொண்டு போனார். 1919 கடைசியில் தகப்பனாருக்கு உடம்பு முடியவில்லை என்று செய்தி வரவே எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கிளம்பினார். வழியில் அப்பாவுக்காக வேண்டிக்கொள்ள அயாபே என்ற ஊரில் இறங்கியதால் அங்கே ஒரு புது மதக் குழுவோடு தொடர்பு ஏற்பட்டது. வீடு போய்ச் சேருமுன் தகப்பனார் போய்விட்டார். அடிப்பதற்காகப் படித்த வித்தை, எதிராளியையும் காப்பாற்றுகிற வித்தையாக அவர் மனதில் மாறியது அதற்குப் பிந்திய வருடங்களில்தான்.

1931-இல் டோக்கியோவில் சொந்தக் கூடம். அதற்கு முந்தின வருடமே ஜூடோவை உண்டாக்கிய ஜிகோரோ கானோ இவர் பயிற்சியைப் பார்த்து, தன் மாணவர்கள் சிலரை அனுப்பிவைத்தார். கானோ பள்ளிக்கூடத்து மனிதர், வாத்தியார்களுக்கு வாத்தியார். 1882-இல் அவர் ஜூடோவைத் தொடங்கியபோதே பழைய மல்வித்தையைப் பாடத்திட்டமாக மாற்றிவிட்டார். அய்க்கிடோவும் அந்தத் தடத்தில்தான் போனது. 1942-இல் அந்தப் பெயர் வந்தது. அந்த வருடமே உயேஷிபா இவாமா என்ற கிராமத்தில் விவசாயம் பார்க்கப் போய்விட்டார். போரில் தோற்ற ஜப்பானில் அமெரிக்கர்கள் போர்க்கலைகளைத் தடுத்து வைத்திருந்த காலத்திலேயே, 1948-இல், அரசு அய்க்கிடோ அமைப்பை அங்கீகரித்தது. 1969-இல் அவர் இறந்தபின் மகன் கிஷ்ஷோமாரு கட்டிக்காத்தார். பாடங்களின் பெயரைப் பாருங்கள்: முதல் பாடம், இரண்டாம் பாடம், மூன்றாம் பாடம். ஒளிக்க ஒன்றும் இல்லாத பெயர்கள்.

இனி நம் கதை. இதற்கு வயது அதிகம், ஆனால் ஓட்டைகளும் அதிகம். முன்சிறை பக்கத்தில் உள்ள பார்த்திவசேகரபுரத்தில், 9ஆம் நூற்றாண்டின் பின்பாதியில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் கோயிலோடு சேர்த்து ஒரு சாலை அமைத்தான். 95 சட்டர்கள் தங்கிப் படிக்கிற இடம். காந்தளூர்ச் சாலை அதற்கு முன்மாதிரி. ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் வருகிற அதே காந்தளூர். இந்தச் சாலைகளில் போர்ப்பயிற்சி இருந்ததா, வேதம் மட்டும்தானா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். செப்பேட்டில் சட்டர்கள் ஒருவரையொருவர் ஆயுதத்தால் தாக்கினால் தண்டம் என்று விதி இருக்கிறது. தாக்கத் தெரியாதவனுக்கு எதற்கு அந்த விதி என்று எனக்குத் தோன்றும். இது என் ஊகம்தான், சான்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடிமுறை, வர்ம அடி, தெக்கன் களரி என்று பல பெயரில் வழங்குவது இந்தத் தென் திருவிதாங்கூர் மண்ணின் வித்தை. வடக்கே மலபாரில் குழி தோண்டிக் கூரை போட்டுக் களரி கட்டுவார்கள், பரசுராமனைச் சொல்வார்கள். இங்கே தென்னந்தோப்பு போதும், சொல்வது அகத்தியரை. அவர் பேரில் ஒரு தாலுகாவே வைத்திருக்கிறோம். ஒற்றைச்சுவடு, கூட்டுச்சுவடு, நெடுவடி, குறுவடி, பூட்டு, பிரிவு என்று பாடம் போகும். உச்சியில் இருப்பது வர்மம். உடம்பில் 108 இடம், அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. புருவ மத்தியில் உள்ள திலர்தம் அதில் ஒன்று. தாக்கினால் ஆள் விழுவான், விழுந்தவனை இளக்குமுறையால் எழுப்பவும் அதே ஆசானுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவேதான் இங்கே சண்டை ஆசானும் எலும்பு வைத்தியரும் ஒரே ஆள். வயலில் விழுந்து தோள் இறங்கியவன், பனையிலிருந்து விழுந்தவன் எல்லாரும் ஆசான் வீட்டுத் திண்ணைக்குத்தான் வந்தார்கள்.

இந்த வித்தையின் போர்முனைப் பயன் போனது நம் மாவட்டத்து மண்ணிலேயே நடந்தது. 1741 ஆகஸ்டில் குளச்சலில் மார்த்தாண்டவர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார். களரி ஆசான்மார் அவருக்குத் துணை நின்றதாகக் குடும்பவழிக் கதைகள் இங்கே நிறைய உண்டு. ஆனால் அந்தச் சண்டையில் பிடிபட்ட டிலனாயே பிறகு உதயகிரிக் கோட்டையில் இருந்துகொண்டு திருவிதாங்கூர்ப் படைக்குத் துப்பாக்கியும் பீரங்கியும் அணிவகுப்பும் பழக்கினார். 1777-இல் அங்கேயே இறந்தார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது, புலியூர்க்குறிச்சிப் பக்கம் போனால் பாருங்கள். வாளும் நெடுவடியும் இரண்டாம் இடத்துக்குப் போனது அப்போதுதான். அடுத்த அடி 1809. தலக்குளத்துக்காரரான வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தார். பிப்ரவரி 10-இல் ஆரல்வாய்மொழிக் கோட்டைக் காவலைக் கம்பெனிப் படை பிடித்தது. வேலுத்தம்பி மண்ணடியில் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன்பின் திருவிதாங்கூரின் பெரும்படை கலைக்கப்பட்டு, அரண்மனைக் காவலுக்கு என்று ஒரு சிறு படைதான் மிஞ்சியது. கூலி கொடுக்க அரசன் இல்லாத வித்தை தோப்புக்குள் போய், எண்ணெய்க் குப்பியோடு பிழைத்தது.

ஜப்பானிலும் இதேதான் நடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. 1876-இல் சாமுராய்கள் வாள் கட்டிக்கொண்டு நடப்பதை அரசே தடுத்தது. தகேதாவுக்கு நிலையான கூடம்கூடக் கிடையாது. ஊர் ஊராகப் போய்ச் சத்திரத்தில் தங்கிச் சொல்லிக்கொடுத்தார். அவரும் ரகசியக்காரர்தான். ஆனால் அவர் போன இடமெல்லாம் நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். படித்தவன் பெயர், ஊர், தேதி, எத்தனை நாள் படித்தான், கொடுத்த காசு எவ்வளவு, எல்லாம் அதில் எழுதி மாணவன் முத்திரை வைக்க வேண்டும். உயேஷிபா யாரிடம் எப்போது படித்தார் என்று நான் இங்கே உட்கார்ந்து எழுத முடிவது, அந்தப் பொல்லாத கிழவரின் கணக்குப் புத்தியால்தான்.

நம் ஆசான்மாரிடமும் ஏடு இருந்தது. அதில் வர்மத்தின் பெயர் இருக்கும், இடமும் இருக்கும், ஆனால் பரிபாஷையில். குரு வாய்திறந்து சொன்னால்தான் பொருள். சீடனைப் பல வருடம் வேலை வாங்கிப் பார்த்து, கோபக்காரன் என்று தெரிந்தால் படுவர்மத்தைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். ஆளைக் கொல்லக்கூடிய விஷயத்தை வேறு எப்படி வைத்திருப்பது? அதை மூடத்தனம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் சீடர் பெயரை எழுதி வைப்பதில் என்ன ரகசியம்? யாரிடம் யார் படித்தார் என்பதுகூட இரண்டு தலைமுறைக்கு மேல் தெரியவில்லை. ஜெர்மன்காரரான ரோமன் சீலர் நம் மாவட்டத்தில் வந்து தங்கி, ஆசான்மாரோடு பழகி, வர்மத்தின் இந்த மறைப்பு வழக்கத்தைப் பற்றியே ஒரு தனிப் புத்தகம் எழுதினார். 2015-இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்டது. வடக்கன் களரி 2020-இல் கேலோ இந்தியா விளையாட்டுகளில் சேர்ந்துவிட்டது. நம் அடிமுறைக்குக் கிடைத்தது சினிமா. 1996-இல் 'இந்தியன்' வந்தபோது இரண்டு விரலை நீட்டிக்கொண்டு திரியாத பையன் ஊரில் இல்லை. 2020-இல் 'பட்டாஸ்' வந்தது. அதனால் களரிக்கு வந்த பிள்ளைகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை.

நண்பரின் வீட்டுக்குப் பொங்கல் கழிந்து போயிருந்தேன். அப்பாவின் ஏட்டுக்கட்டைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருக்கிறார், பூச்சி அரித்தது போக முக்கால்வாசி இருக்கிறது. கூடவே ஒரு நீளக் கணக்கு நோட்டு. 1961 முதல் 1978 வரை வைத்தியத்துக்கு வந்தவர்கள் விவரம்: வீட்டுப்பெயர், எந்த எலும்பு, எத்தனை கட்டு, எவ்வளவு எண்ணெய், கொடுத்தது நெல்லா பணமா. பதினேழு வருடத்தில் ஒரு வரியில்கூட 'படிக்க வந்தான்' என்று இல்லை. படித்தவர்கள் பன்னிரண்டு பேராவது இருப்பார்கள் என்கிறார் நண்பர். அவர் நினைவில் இருப்பது ஐந்து பேர். அதில் இரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள், ஒருவர் குலசேகரம் பக்கம், ஒருவர் மகனோடு துபாயில். குலசேகரத்துக்காரரைப் பார்க்கப் போகலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். பேரன் விடுமுறைக்கு வரும் நாளாகப் பார்த்துப் போனால், கையால் செய்துகாட்டுவதைச் செல்போனில் பிடிக்க ஒரு ஆள் இருக்கும். ஆனால் எண்பத்தாறு வயதுக்காரரை மே மாதம் வரை காக்கவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வருகிற ஞாயிறே போகிறோம்.