1976இல் பிறந்த இருவர்

பள்ளியில் புகைப்பட வகுப்பு எடுத்திருக்கும் மகளுக்கு ஃபிலிம் கேமரா வேண்டியிருந்தது. பழைய கேமராக் கடையில் இரண்டை எடுத்து முன்னால் வைத்தார்கள்: கேனான் ஏஇ-1, பென்டாக்ஸ் கே1000. இரண்டும் 1976இல் ஜப்பானில் பிறந்த எஸ்.எல்.ஆர். கேமராக்கள். விலையிலும் பெரிய வித்தியாசமில்லை.

என் கை முதலில் கேனானுக்குத்தான் போனது. தொழில் புத்தி. நுண்செயலி பொருத்தி வந்த முதல் எஸ்.எல்.ஆர். அதுதான். ஒளியைத் தானே கணிக்கும் கேமராக்கள் முன்பும் உண்டு. ஆனால் பல்சக்கரங்களும் நெம்புகோல்களும் செய்த வேலைகளை ஏஇ-1 மின்சுற்றிடம் ஒப்படைத்தது. சுமார் 300 பாகங்கள் குறைந்தன, விலையும் இறங்கியது. ஷட்டர் வேகத்தை நாம் சொன்னால் போதும், லென்ஸின் துளையை அது பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவில் டென்னிஸ் வீரர் ஜான் நியூகோம்பை வைத்துத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தார்கள். புகைப்படக்காரர்களை மட்டும் நம்பியிருந்தால் அதற்கு அவசியமே இருந்திருக்காது. பிள்ளைகளைப் படமெடுக்க நினைத்த அப்பா அம்மாக்கள்தான் குறி. லட்சக்கணக்கில் விற்றது.

கே1000இல் புதிது என்று எதுவுமில்லை. 1964இல் வந்த ஸ்பாட்மேட்டிக்கின் வம்சம். 1975இல் பென்டாக்ஸ் கொண்டுவந்த கே மவுண்ட்டோடு வந்த கேமராக்களில் ஒன்றான கேஎம்மிலிருந்து செல்ஃப் டைமர் போன்றவற்றைக் கழற்றிவிட்டு, மலிவாக விற்றார்கள். லைட் மீட்டரை அணைக்கக்கூட ஒரு பொத்தான் கிடையாது; லென்ஸ் மூடியைப் போட்டு இருட்டாக்கினால் அணைந்த மாதிரி. வியூஃபைண்டரின் ஓரத்தில் ஒரு முள் ஏறி இறங்கும். வேகத்தையும் துளையையும் மாற்றி அதை நடுவில் நிறுத்துவது நம் பாடு. இந்தச் சிக்கனத்தாலேயே அமெரிக்கப் பள்ளி, கல்லூரிப் புகைப்பட வகுப்புகள் அதைத் தத்தெடுத்தன. ஜப்பானில் தொடங்கி, ஹாங்காங், பிறகு சீனா என்று தொழிற்சாலை மாறினாலும் 1997 வரை தயாரிப்பில் இருந்தது. சுமார் 30 லட்சம் விற்றதாகக் கணக்கு.

புதிதாக வாங்கியவர்களுக்கு இல்லாத ஒரு கவலை இன்று வாங்குகிறவருக்கு உண்டு. ஏஇ-1இல் பேட்டரி தீர்ந்தால் ஷட்டர் அசையாது. அதாவது பரவாயில்லை, பேட்டரி கடையில் கிடைக்கும். மின்சுற்று போனால்? அந்தச் சில்லுகளை இன்று யாரும் செய்வதில்லை. செத்துப்போன இன்னொரு ஏஇ-1இலிருந்து பிடுங்கித்தான் பொருத்த வேண்டும். கே1000இல் பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான். ஷட்டர் தடுமாறினால் கைதேர்ந்த ஒருவர் பிரித்து, துடைத்து, எண்ணெயிட்டுச் சரிசெய்துவிடலாம். லென்ஸ் விஷயமும் இருக்கிறது. 1987இல் கேனான் ஈஓஎஸ் வரிசைக்காக மவுண்ட்டையே மாற்றியதில் ஏஇ-1இன் எஃப்டி லென்ஸ்கள் அநாதையாயின. பென்டாக்ஸின் பழைய கே லென்ஸ்களோ அதன் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர்.களிலும் பொருந்துகின்றன. பத்து வருடத்துக்கு முன் நானே எழுதிய நிரலை இன்று ஓடவைக்கத் திணறுகிறவன் நான். இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது.

ஆனாலும் ஏஇ-1ஐக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. பிறந்தநாள் கூட்டத்தில் ஓடும் குழந்தையைப் பிடிக்க அதுதான் சரி. முள்ளை நடுவில் நிறுத்துவதற்குள் மெழுகுவர்த்தி அணைந்துவிடும்.

இரண்டையும் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு மகள் கேட்டாள்: "அப்பா, நான் தப்புப் பண்ணினா எதுல எனக்குத் தெரியும்?"

நான் கே1000ஐ அவள் பக்கம் நகர்த்தினேன். பென்டாக்ஸ் என்ற பெயருக்கு மேலே 'அசாஹி' என்று பொறித்திருந்த பழைய வார்ப்பு. பிளாஸ்டிக் கூடிய பிற்காலத்தவற்றைவிடக் கனம்.

எதிர்பார்த்தபடியே மூடியைப் போட மறந்து இரண்டே மாதத்தில் பேட்டரியைத் தீர்த்துவிட்டாள். முள் படுத்துவிட்டது. வெளியே பனி, நல்ல வெயில். வெயிலில் துளை 16, வேகம் ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்தில் என்ற பழைய கணக்கை வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்களாம். 400 ஃபிலிமுக்கு 500இல் வைத்தாள். பனி பளீரென்று அடிக்கிறதே என்று துளையை 22க்கு மாற்றிவிட்டு, "அப்பா, அசையாதீங்க" என்றாள்.