பாணியும் தொடர்ச்சியும்: ஷாம்பேன் மரபு இந்தியாவுக்கு வந்த வரலாறு

முன்னுரை

கர்நாடக இசைக் கச்சேரியில் இன்று நிலவும் வரிசை முறை பெருமளவு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) வகுத்தது. வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனைகள், விரிவான ஆலாபனை, பல்லவி என்று வளர்ந்து துக்கடாக்களில் நிறைவுறும் அமைப்பு அது. சீடர்களும் பின்வந்த வித்வான்களும் அதைக் கைக்கொண்டதால்தான் காரைக்குடியை அடுத்த ஒரு சிற்றூரின் பெயர் ஒரு பாணிக்கு உரியதாயிற்று. பாணி என்பது தனியொருவர் திறமையோடு முடிவதில்லை. அடுத்தடுத்த தலைமுறைகள் ஏற்று நடத்தும்போதே அது மரபாகிறது. பிரான்சின் ஷாம்பேன் நிறுவனங்களின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. அந்த மரபு உருவான விதத்தையும், 1980-களில் அது மகாராஷ்டிரத்துக்கு வந்தபின் நேர்ந்ததையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

குறையிலிருந்து பிறந்த முறை

ஷாம்பேன் வட்டாரம் பிரான்சின் வடகிழக்கிலுள்ள குளிர்ப் பகுதி. பனிக்காலத்தில் பாதியில் நின்றுவிடும் நொதிப்பு, வெயில் திரும்பியதும் மீண்டும் தொடங்கும். ஒயினில் குமிழிகள் எழும், புட்டிகள் வெடிக்கும். தொடக்கத்தில் இது குறையாகவே கருதப்பட்டது. 1668 முதல் 1715 வரை ஓவில்லே மடத்தில் பணியாற்றிய துறவி தோம் பெரின்யோன் குமிழிகளைக் கண்டுபிடித்தவர் என்பது கதைதான். அவர் குமிழிகளைத் தவிர்க்கவே முயன்றார். வெவ்வேறு தோட்டத்துத் திராட்சைகளை அளவறிந்து கலப்பதில் அவர் காட்டிய தேர்ச்சியே உண்மையான கொடை. ஒயினில் சர்க்கரை சேர்த்து நுரைக்கச் செய்யும் வழக்கத்தை 1662-இல் லண்டனில் கிறிஸ்டோபர் மெரெட் பதிவுசெய்துள்ளார். நிலக்கரி உலையில் உருவான உறுதியான ஆங்கிலேயக் கண்ணாடிப் புட்டிகள் அந்த அழுத்தத்தைத் தாங்கின.

1729-இல் ருய்னார், 1743-இல் மொயே, 1785-இல் ஹைட்சீக் என நிறுவனங்கள் வரிசையாகத் தோன்றின. கலங்கலை நீக்கும் வழியை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளிக்கோ அம்மையாரின் நிறுவனம் செம்மைப்படுத்தியது. துளையிட்ட பலகையில் புட்டிகளைச் செருகி, நாள்தோறும் சிறிது திருப்பிச் சாய்த்து, வண்டலைக் கழுத்துக்கு இறக்கும் வழி அது. சேர்க்க வேண்டிய சர்க்கரையின் அளவைக் கணிக்கும் முறையை 1836-இல் மருந்தாளர் பிரான்சுவா வகுத்தார். அதன்பின் வெடிப்புகள் குறைந்தன. கைவினை தொழிலாக வளர்ந்தது.

நிறுவனப் பாணியின் அடித்தளம்

முதல் நொதிப்பு முடிந்த ஒயினில் லிட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்துப் புட்டியில் அடைப்பார்கள். உள்ளேயே இரண்டாம் நொதிப்பு நடந்து, அழுத்தம் 5 முதல் 6 வளிமண்டல அளவை எட்டும். இறந்த ஈஸ்ட் வண்டலோடு ஒயின் நெடுங்காலம் கிடப்பதால்தான் ரொட்டி, பாதாம் போன்ற மணங்கள் அதில் ஏறுகின்றன. ஆண்டு குறிக்கப்படாத ஷாம்பேனுக்குக் குறைந்தது 15 மாதமும், ஆண்டு குறித்ததற்கு 3 ஆண்டும் நிலவறைவாசம் சட்டப்படி கட்டாயம். பின் கழுத்தை உறையவைத்து வண்டலை வெளியேற்றி, சிறிது இனிப்புக் கலவை சேர்த்துத் தக்கையிடுவார்கள்.

இந்தப் படிகள் எல்லா நிறுவனங்களுக்கும் பொது. வேறுபாடு கலவையில் இருக்கிறது. ஷார்தொனே, பினோ நுவார், மொனியே ஆகிய 3 திராட்சைகளின் விகிதம், எந்தெந்தத் தோட்டம், முந்தைய ஆண்டுகளின் சேமிப்பு ஒயின் எவ்வளவு என்ற முடிவுகளே ஒரு நிறுவனத்தின் சுவையைத் தீர்மானிக்கின்றன. மழை கெடுத்த ஆண்டையும் வெயில் முறுக்கிய ஆண்டையும் ஒரே சுவைக்குக் கொண்டுவருவது அந்தச் சேமிப்புதான்.

நாராயண்காவ் முயற்சி

புனே மாவட்டத்து நாராயண்காவில் ஷாம்ராவ் சௌகுலே தொடங்கிய இண்டேஜ் நிறுவனம், ஷாம்பேன் நிறுவனமான பைப்பர்-ஹைட்சீக்கின் தொழில்நுட்ப உதவியுடன் இம்முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 1980-களின் நடுவில் வெளிவந்த அதன் நுரைக்கும் ஒயின், ‘ஓமர் கய்யாம்’ என்ற பெயரில் ஐரோப்பியச் சந்தையை எட்டியது.

சவால் இங்கே தலைகீழானது. ஷாம்பேனில் பழம் பழுப்பது அரிது. தக்காணத்தில் பழம் விரைந்து பழுத்துப் புளிப்பை இழக்கிறது. கொடிக்குப் பனிக்கால உறக்கமும் கிடையாது. எனவே ஏப்ரலிலும், மீண்டும் செப்டம்பர்–அக்டோபரிலும் கவாத்து செய்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை செய்கிறார்கள். நுரைக்கும் ஒயினுக்கான காய்களைப் புளிப்பு குன்றும் முன்பே பறிக்கிறார்கள். நிலவறையின் இயற்கைக் குளிர்ச்சிக்கு ஈடாகக் குளிரூட்டும் எந்திரங்கள் இயங்குகின்றன. இந்தச் சூழலில் உலகத்தரமான நுரைக்கும் ஒயினைத் தந்தது பெருஞ்சாதனை.

ஆயினும் வெளிநாடுகளில் விரிவாக்கம் செய்த இண்டேஜ், 2008 உலக நிதி நெருக்கடிக்குப் பின் கடனில் சிக்கி, நீதிமன்ற ஆணைப்படி கலைப்புக்கு உள்ளானது. அதோடு அந்தப் பாணியின் தொடர்ச்சியும் அறுந்தது.

நாசிக்கின் காலம்

தொழில்நுட்பம் அழியவில்லை. மகாராஷ்டிர அரசின் 2001-ஆம் ஆண்டு ஒயின் கொள்கை நாசிக்கில் ஆலைகள் பெருக வழிவகுத்தது. சூலா உள்ளிட்ட நிறுவனங்கள் பாரம்பரிய முறையில் நுரைக்கும் ஒயின் தயாரித்தன. 2013-இல் மொயே ஹென்னெஸியின் ஷாந்தோன் என்ற நுரைக்கும் ஒயினும் வந்தது. வெப்பத்திலும் புளிப்பைத் தக்கவைக்கும் ஷெனின் பிளாங்க் திராட்சை இங்கு முதன்மை பெற்றது. ஷாம்பேனின் சேர்க்கையைப் படியெடுக்காமல் மண்ணுக்கேற்ற திராட்சையைத் தேர்ந்தது, இந்தியப் பாணிக்கான முதல் அடி.

முடிவுரை

முறையை ஒரு தலைமுறைக்குள் இறக்குமதி செய்யலாம். பாணியை அப்படிக் கொண்டுவர முடியாது என்பதே இவ்வரலாற்றின் முடிபு. 300 ஆண்டுகளில் ஷாம்பேன் சேர்த்த பெருஞ்செல்வம் அதன் சேமிப்பு ஒயினும், கலப்பவர் வழிவழியாகக் கையளித்த நாக்குப் பயிற்சியும்தான். இந்திய ஆலைகள் ஒவ்வோர் அறுவடையிலும் ஒரு பங்கைச் சேமித்து, கலவைக் குறிப்புகளைப் பேணி, இளையவர்களைப் பழக்க வேண்டும். அப்போதுதான் ஒரு நிறுவனம் வீழ்ந்தாலும் அதன் அறிவு எஞ்சும்.