வெயில் காணாத மலையில் பஞ்சு மெத்தை



வரலாறு என்றவுடன் நம் மனக்கண்முன் அரியணைகளே வந்து நிற்கின்றன. எந்த மன்னன் எந்த ஆண்டில் அரியணை ஏறினான் என்று கேட்டால் உடனே விடை கூறிவிடுகிறோம். அவன் இரவில் எதன்மேல் படுத்தான், அந்தப் படுக்கையைத் தூய்மை செய்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. மனிதன் தன் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உறக்கத்தில் கழிக்கிறான். அந்தப் பங்குக்கும் ஒரு வரலாறு உண்டன்றோ? ஆகவே இன்று அரியணையை விடுத்து மெத்தையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். நம் முன்னோர் அதை எவ்வாறு பேணினர் என்பதையும், வால்பாறை போன்றதொரு மழை மலையில் அந்த முறைக்கு என்ன நேர்ந்தது என்பதையும் காண்போம்.

கொங்கு நாட்டில் இன்றும் நாம் கண்ணால் காணக்கூடிய மிகப் பழைய படுக்கைகள் கல்லால் ஆனவை. கரூரை அடுத்த புகழூரில் ஆறுநாட்டார் மலை என்றொரு குன்று இருக்கிறது. அங்கே சமணத் துறவியர்க்கென்று பாறையிலேயே படுக்கைகள் வெட்டப்பட்டுள்ளன. அவற்றின் அருகே தமிழ்ப் பிராமி எழுத்தில் உள்ள கல்வெட்டு, சேரர் குடியைச் சேர்ந்த மூன்று தலைமுறையினரைக் குறிப்பிட்டு, பேரனுக்கு இளவரசுப் பட்டம் சூட்டியபோது அப்படுக்கை வெட்டிக் கொடுக்கப்பட்டது என்று தெரிவிக்கிறது. அரச குடும்பத்தின் மகிழ்ச்சி நாளில் ஒரு துறவிக்குப் படுக்கை அமைத்துக் கொடுப்பது அறமாகக் கருதப்பட்டது.

அதே இரும்பொறை மரபினனான மற்றொரு சேரனைப் பற்றிய செய்தி புறநானூற்றில் இருக்கிறது. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் வீரமுரசை நீராட்டுவதற்காக வெளியே கொண்டு சென்றிருந்தனர். முரசு வைக்கும் கட்டிலின்மேல் மெல்லிய பூக்கள் பரப்பப்பட்டிருந்தன. நடந்து களைத்து வந்த புலவர் மோசிகீரனார் அது முரசு கட்டில் என்று அறியாமல் அதன்மேல் படுத்து உறங்கிவிட்டார். அக்குற்றத்திற்கு வாள் தண்டனை. ஆனால் மன்னனோ வாளை எடுக்காமல் விசிறியை எடுத்து வீசினான். தமிழுக்குக் காட்டிய மதிப்பு என்று இந்நிகழ்ச்சியை நாம் பாராட்டுகிறோம், அது சரியே. களைத்த உடலுக்கு மெத்தென்ற படுக்கை எவ்வளவு பெரிய கொடை என்பதையும் அந்நிகழ்ச்சி நமக்குச் சொல்கிறது.

நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டில் யானைத் தந்தத்தால் ஆனது. அதன்மேல் விரித்த அணையோ அன்னப்பறவையின் தூவியால் ஆனது. பிற்கால உரையாசிரியர்கள் பஞ்ச சயனம் என்று ஐவகைப் படுக்கைகளை எண்ணினர். இலவம்பஞ்சு, வெண்பஞ்சு, செம்பஞ்சு, அன்னத்தூவி என்னும் நான்கோடு ஐந்தாவதாக மயிரைச் சொல்வாரும் உண்டு. மயில் தூவியைச் சொல்வாரும் உண்டு. இவை எல்லாம் செல்வர் வீட்டுப் பொருள்கள். உழுது வாழ்ந்த குடியானவனுக்குக் கோரைப்பாயும் கயிற்றுக் கட்டிலுமே போதுமானவையாக இருந்தன. கொங்கு நாட்டில் பவானியின் ஜமக்காளமும், குரும்பை ஆட்டு மயிரில் நெய்த கம்பளியும் அவனுக்குத் துணையாயின.

பருத்தி விளையும் கரிசல் நிலம் கொங்கில் உண்டு. 1888-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் நூற்பு நெசவு ஆலை தொடங்கப்பட்டது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. ஆலையில் நூலுக்கு உதவாமல் கழிந்த பஞ்சு மலிவாகக் கிடைக்கவே, நடுத்தர வீடுகளிலும் மெத்தை இடம்பெற்றது. அதோடு இலவம்பஞ்சும் சேர்ந்தது. 'இலவு காத்த கிளி' என்ற பழமொழியை நீங்கள் அறிவீர்கள். காய் பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்குப் பஞ்சு ஏமாற்றம். மனிதனுக்கோ அதுவே பயன். இலவம்பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே காற்று நிறைந்த குழாய். வெளியே மெழுகு பூசியதுபோன்ற மேற்புறம். எனவே அது நீரில் எளிதில் நனையாமல் மிதக்கும். கப்பல் பயணிகளின் உயிர்காப்புச் சட்டைகளை இப்பஞ்சைக் கொண்டே செய்தனர். 1942-இல் ஜப்பானியர் ஜாவாத் தீவைக் கைப்பற்றியதும் உலகுக்கு இலவம்பஞ்சு வரும் வழி அடைபட்டது. அதற்கு மாற்றாக அமெரிக்கப் பள்ளிச் சிறுவர் வயல்வரப்புகளில் எருக்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் பஞ்சைச் சேகரித்துக் கொடுத்தனர். நம் தலையணைக்குள் இருக்கும் பொருளுக்கு உலகப் போரிலும் ஓர் இடம் இருந்தது.

இனி, மெத்தையைப் பேணிய முறைக்கு வருவோம். நான் பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வளர்ந்தவன். எங்கள் பகுதியில் தை அறுவடை முடிந்து மாசி வெயில் ஏறத் தொடங்கியதும் மெத்தைகள் களத்துமேட்டுக்கு வந்துவிடும். காலையில் ஒரு பக்கம், நண்பகலில் மறுபக்கம் எனப் புரட்டிப் போட்டு வெயில் காட்டுவார்கள். பின்பு தடியால் அடித்துத் தூசியை வெளியேற்றுவார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பஞ்சுக்கொட்டுபவர் வில்லோடு வருவார். மெத்தையைப் பிரித்து, கட்டிபட்ட பஞ்சை வெயிலில் உலர்த்தி, நாணால் தெறித்து மீண்டும் நுரைபோல் ஆக்கிவிடுவார். இந்தக் கலை மிகப் பழையது. காற்று மோதிச் சிதறும் கடல் அலையின் துளிகளுக்கு வில்லால் அடித்த பஞ்சை உவமையாகக் கூறும் பாட்டொன்று நற்றிணையில் இருக்கிறது.

பிரித்த உறையைச் சலவைத் தொழிலாளர் எடுத்துச் செல்வார். உவர்மண் கரைசலில் தோய்த்து, வெள்ளாவியில் அடுக்கி, இரவெல்லாம் நீராவியில் வேகவைப்பார். அழுக்கை இளக்கியது உவர்மண்ணின் காரம். பேனையும் மூட்டைப்பூச்சியையும் அவற்றின் முட்டையையும் அழித்தது ஆவியின் வெப்பம். மீண்டும் தைக்கும்போது உலர்ந்த வேப்பிலையையோ நொச்சியிலையையோ மெத்தைக்கு அடியில் பரப்புவார்கள். ஒரு வீட்டின் தூய படுக்கைக்குப் பின்னால் இத்தனை பேருடைய கைத்திறன் இருந்தது. அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

இந்த முறை முழுவதற்கும் அடிப்படை ஒன்றே ஒன்று, அது வெயில். வெயில் இல்லாத இடத்தில் என்ன செய்வது? ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து வால்பாறைக்குச் செல்வோர் இந்தக் கேள்வியைத் தோலாலேயே உணர்வர். அடிவாரத்துச் சமவெளி மழைக்கு ஏங்குகிறது; மேலே ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அங்குள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஆனி தொடங்கி ஆவணி கடந்தும் மூடுபனியும் சாரலும் விலகுவதில்லை. சுவரில் பாசி படரும். பெட்டியில் வைத்த துணியில் பூஞ்சணம் பூக்கும்.

1890களில் கார்வர் மார்ஷ் முதலிய ஆங்கிலேயத் தோட்டக்காரர் அங்கே காட்டைத் திருத்தத் தொடங்கினர். மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்துச் சமவெளி மாவட்டங்களிலிருந்து ஏழை மக்களை மலையேற்றினர். வெயில் நாட்டிலிருந்து வந்த அம்மக்கள் லைன் வீடுகளில் தங்கினர். நாள் முழுதும் மழையில் நனைந்து கொழுந்து பறித்தவர்கள், இரவில் சாக்கையும் கம்பளியையும் விரித்துப் படுத்தனர். பகலில் நனைந்ததும் பெரும்பாலும் அதே கம்பளிதான். மலைக்காய்ச்சலும் சளிநோயும் பல உயிர்களைக் கொண்டன. அத்தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய டாக்டர் பி. எச். டேனியல் அந்த வாழ்க்கையை ஆங்கில நாவலாக எழுதி 1969-இல் வெளியிட்டார். அது 2007-இல் 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் தமிழில் வந்தது.

தேயிலைத் தொழிற்சாலைக்குள் சென்று பாருங்கள். கொழுந்தை வாட்டி, அரைத்து, வெப்பக் காற்றில் உலர்த்தி, அதன் ஈரத்தை 3 விழுக்காட்டளவுக்குக் கொண்டுவருகிறார்கள். ஈரம் தங்கினால் தேயிலை கெட்டுவிடும் என்பது அனைவரும் அறிந்த உண்மை. அதே தோட்டத்தில் தொழிலாளியின் கம்பளியை உலர்த்துவதற்கு இருந்தது அவன் வீட்டு அடுப்பு ஒன்றுதான். ஈரம் தங்கினால் மனிதனும் கெடுவான் என்பதை ஒப்புக்கொள்ளச் சட்டம் ஒன்று தேவைப்பட்டது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளரைக் காக்கக் குடை, கம்பளி, மழையங்கி முதலியவற்றை முதலாளி வழங்குமாறு மாநில அரசுகள் விதி செய்யலாம் என்று கூறியது. கம்பளி என்ற சொல் இந்திய நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஏறியதை நான் சிறிய செய்தியாகக் கருதவில்லை. புகழூரில் அரசன் அளித்த படுக்கை அறம். 1951-இல் சட்டம் கூறிய கம்பளி உரிமை.

ஈரத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை அறிவியல் பின்னர் தெளிவாக்கிற்று. 1964-இல் நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகரில் வோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலிய ஆய்வாளர்கள், வீட்டுத் தூசியால் வரும் ஒவ்வாமைக்கும் இரைப்புக்கும் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணியே காரணம் என்று காட்டினர். நம் தோலிலிருந்து உதிரும் செதில்களே அதன் உணவு. மெத்தையே அதன் ஊர். அது வாயால் நீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தையே உறிஞ்சி வாழ்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே நெடுநாள் நின்றால் அது வற்றி மடியும். வறண்ட ஆல்ப்ஸ் மலையில் உண்ணி குறைவாக இருப்பதற்கும், ஈர மலைகளில் அது செழிப்பதற்கும் இதுவே காரணம். நோயாளியைக் காப்பது மலையின் உயரமன்று, காற்றின் வறட்சியே.

மூட்டைப்பூச்சியின் கதையும் கேட்கத்தக்கது. 1939-இல் பால் முல்லர் என்ற சுவிட்சர்லாந்து நாட்டவர் டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தார். 1948-இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். மூட்டைப்பூச்சி இனி இல்லை என்று உலகம் மகிழ்ந்தது. ஆனால் 1940களின் இறுதிக்குள்ளாகவே அம்மருந்துக்கு அசையாத பூச்சிகள் தோன்றிவிட்டன. கொதிநீருக்கும் வெள்ளாவிக்கும் அசையாத மூட்டைப்பூச்சியோ இன்றுவரை தோன்றவில்லை.

இவற்றைக் கொண்டு, நம் வீட்டுப் பொருள்களின் பயனை அளந்து பார்ப்போம். மெத்தையில் நாற்றம் இருந்தால் ஆப்பச் சோடாவை மெல்லத் தூவிச் சில மணி நேரம் விட்டுத் தட்டி எடுக்கலாம். புளித்த வியர்வை நாற்றத்தை அது குறைக்கும். இரத்தக் கறைக்குத் தண்ணீரே ஏற்றது. வெந்நீர் பட்டால் கறை இழையோடு இறுகிவிடும். மஞ்சள் கறையில் சோப்பிட்டால் சிவக்கும், அஞ்ச வேண்டா. வெயிலில் வைத்தால் அது தானே வெளுக்கும். வேப்பிலை, நொச்சி, வசம்பு ஆகியவை பூச்சிகளை அண்டவிடாமல் தடுக்க உதவுவன. ஏற்கெனவே குடியேறிய மூட்டைப்பூச்சியை அவை மட்டும் ஒழித்துவிடா. உறைகளைக் கொதிநீரில் அலசுதலே அதற்கு வழி. எப்பொருளைப் பயன்படுத்தினாலும் பஞ்சு மெத்தையை நீரில் நனைக்கலாகாது. உள்ளே புகுந்த ஈரம் எளிதில் வெளியேறாது. பஞ்சு கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும்.

மழை நாட்டில் வாழ்வோர்க்குச் சில சொற்கள். உறங்கும் மனிதனிடமிருந்து ஒவ்வோர் இரவும் வியர்வையாகவும் மூச்சாகவும் ஈரம் வெளிப்படுகிறது. அதில் ஒரு பகுதி மெத்தையில் இறங்குகிறது. எனவே எழுந்தவுடன் போர்வையால் மெத்தையை மூடாமல் சிறிது நேரம் ஆற விடுங்கள். மெத்தையைத் தரையில் இடாமல், காற்றோடும் கட்டிலில், சுவரைவிட்டு விலக்கி இடுங்கள். ஈரம் உறிஞ்ச அடுப்புக்கரியைத் துணிப்பையில் கட்டித் துணிப் பெட்டியில் வைக்கலாம். மழை ஒரு மணி நேரம் ஓய்ந்து வெயில் எட்டிப்பார்த்தாலும் அதை வீணாக்காதீர்கள். அடுப்பருகே உலர்த்துவோர் கருத்தாக இருக்க வேண்டும். இலவம்பஞ்சு நொடியில் தீப்பற்றும். இக்கால ரப்பர், நுரை மெத்தைகளைக் கடும் வெயிலில் இட்டால் அவை பொடிந்துபோகும். அவற்றுக்கு நிழற்காற்றே ஏற்றது.

மாணவர்களே, இந்த விடுமுறையில் வரலாற்று மாணவர் என்ற முறையில் ஒரு சிறு பணி செய்யுங்கள். உங்கள் பாட்டியிடமோ, தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த ஒரு முதியவரிடமோ சென்று அமருங்கள். இளமையில் எதன்மேல் படுத்தீர்கள், எந்த மாதத்தில் அதை உலர்த்தினீர்கள், பஞ்சு கொட்ட வந்தவர் எந்த ஊரினர், மழைக்காலத்தில் குழந்தையை எதில் கிடத்தினீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதி வையுங்கள். வில்லின் ஓசையைக் கேட்டவர்கள் குறைந்து வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.