குடலடைப்பு: உடலைத் திறக்காமல் கண்டறியும் முறைகள்

குடலடைப்பு என்பது சிறுகுடலிலோ பெருங்குடலிலோ உணவும் நீரும் வாயுவும் மேற்கொண்டு நகராமல் தடைப்படும் நிலை. சத்திரசிகிச்சைக்கு முன் செய்யப்படும் சோதனைகள் மூன்றை அறிய முயல்கின்றன: அடைப்பு உண்டா, எங்கே எதனால் ஏற்பட்டது, குடலின் இரத்த ஓட்டம் நின்றுவிட்டதா.

நேரடிப் பரிசோதனை: விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, வாந்தி, வயிறு உப்பல், மலமும் காற்றும் பிரியாமை ஆகியவை முதன்மை அறிகுறிகள். சிறுகுடலின் மேற்பகுதி அடைபட்டால் வாந்தி முந்தும். பெருங்குடல் அடைபட்டால் உப்பல் முந்தும். பழைய சத்திரசிகிச்சைத் தழும்பு குடல் ஒட்டுதலைச் சுட்டும். சிக்கிய குடலிறக்கம் உள்ளதா என்று கவட்டுப் பகுதியும் பார்க்கப்படும்.

எக்ஸ்ரே: சிறுகுடல் 3 செ.மீ., பெருங்குடல் 6 செ.மீ., பெருங்குடலின் தொடக்கப் பை 9 செ.மீ. அளவைத் தாண்டினால் அது விரிந்துள்ளதாகக் கொள்ளப்படும். நின்ற நிலையில் எடுத்த படத்தில் காற்றும் நீரும் சேரும் மட்டங்கள் படிக்கட்டுகள் போலத் தெரியும். தொடக்கநிலை அடைப்பில் படம் இயல்பாகவும் இருக்கலாம்.

அல்ட்ராசவுண்ட்: கதிர்வீச்சு இல்லாததால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றது. விரிந்த குடலில் நீர் முன்னும் பின்னும் அலைவதை நேரிலேயே காணலாம். குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழந்தைகளில் குறுக்குவெட்டு, வளையத்துக்குள் வளையமாகத் தெரியும்.

சிடி ஸ்கேன்: விரிந்த குடல் சுருங்கிய குடலாக மாறும் இடம், முறுக்கம், கட்டி, இரத்த ஓட்டக் குறைவு ஆகியவற்றை இதுவே தெளிவாகக் காட்டும். கர்ப்பிணிகளுக்குத் தேவைப்பட்டால் எம்ஆர்ஐ பயன்படும்.

வாய்வழி மாறுபாட்டு மருந்து: ஒட்டுதலால் வந்த அடைப்பில், நீரில் கரையும் அயோடின் மருந்து 24 மணி நேரத்துக்குள் பெருங்குடலை எட்டினால் சத்திரசிகிச்சையின்றியே அடைப்பு நீங்கும் வாய்ப்பு அதிகம்.

இரத்தப் பரிசோதனை: உப்புச் சமநிலை, சிறுநீரக இயக்கம், வெள்ளணு எண்ணிக்கை, லாக்டேட் அளவு பார்க்கப்படும். லாக்டேட் இயல்பாக இருப்பதை மட்டும் வைத்து இரத்த ஓட்டத் தடை இல்லை என முடிவு செய்ய முடியாது.

ஒலுவில் பகுதியில்: இலங்கையின் அம்பாறைக் கரையோரத்தில் உள்ள ஒலுவிலுக்கு வடக்கே கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் தெற்கே அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலையும் உள்ளன. கிழக்கு மாகாணத்தின் போதனா வைத்தியசாலை மட்டக்களப்பில் உள்ளது. சிறிய வைத்தியசாலையில் அறிகுறிகளை வைத்துச் சந்தேகம் எழுந்தாலே நோயாளியைச் சத்திரசிகிச்சை வசதியுள்ள இடத்துக்கு அனுப்புவது முறை.

தொடர்ச்சியான கடும் வலி, காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, பலகைபோல் இறுகிய வயிறு ஆகியவை குடல் அழுகுவதையோ துளைபடுவதையோ குறிக்கலாம். அப்போது எந்தப் படத்துக்காகவும் சத்திரசிகிச்சையைத் தாமதப்படுத்தக் கூடாது.