பெரட்டுக் களமும் பள்ளிக்கூடமும்: ஊவாத் தோட்டப் பிள்ளைகளின் கல்வி வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

கனடாவின் ஆதிக்குடிப் பிள்ளைகளுக்கென நடத்தப்பட்ட விடுதிப் பள்ளிகளைப் பற்றி 2024ஆம் ஆண்டில் வெளிவந்த ஆவணப்படம் 'சுகர்கேன்'. பெயரைக் கேட்டதும் கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகளின் நினைவே நமக்கு எழும். உண்மையில் அது பிரித்தானிய கொலம்பியாவில் வில்லியம்ஸ் லேக் நகரை அண்மித்துள்ள ஓர் ஆதிக்குடி ஒதுக்கிடத்தின் பெயராகும். அங்கிருந்த கத்தோலிக்க மிஷன் பள்ளியில் வளர்ந்து எஞ்சியோரும் அவர்தம் மக்களும் இப்படத்திற் பேசுகின்றனர். இயக்குநர் இருவருள் ஒருவரான ஜூலியன் பிரேவ் நொய்ஸ்கற்றின் தந்தையார் அப்பள்ளியிலே பிறந்து கைவிடப்பட்டவர். ஆதலின் வினவுவோரும் விடை கூறுவோரும் ஒரே குடும்பத்தினராக அமைகின்றனர். வரலாற்று மாணவனுக்கு இப்படம் முக்கியமாவது, வாய்மொழிச் சாட்சியத்தை அரசாங்க ஏடுகளுக்கு இணையான மூலமாக அது கொள்வதனாலேயே. அந்நோக்கோடு ஊவாவின் தோட்டப் பள்ளிகளை அணுகுவதே இக்கட்டுரையின் எல்லை.

1920ஆம் ஆண்டு இரு நாடுகளின் கல்வி வரலாற்றிலும் குறிக்கத்தக்கது. அவ்வாண்டு திருத்தப்பட்ட கனடாவின் இந்தியர் சட்டம், ஏழு முதல் பதினைந்து வயது வரையுள்ள ஆதிக்குடிப் பிள்ளைகளுக்குப் பள்ளி வரவைக் கட்டாயமாக்கியது. பிள்ளையை அனுப்ப மறுத்த பெற்றோர் தண்டனைக்குள்ளாயினர். அதே ஆண்டில் இலங்கையில் 1ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. தோட்டத்திலுள்ள ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதும், அதற்கென ஓர் அறையை ஒதுக்குவதும் தோட்ட அதிகாரியின் கடமையென 1907ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்ததை இது மீண்டும் வலியுறுத்தியது. ஒரே பேரரசின் நிழலில் எழுந்த இவ்விரு சட்டங்களும் குறிப்பிடும் வயதெல்லைகளை ஒப்புநோக்குதல் வேண்டும். கனடாவில் பிள்ளையின் வீடே ஆட்சியாளருக்கு இடையூறாகத் தோன்றியது. ஆகவே பிள்ளையை வீட்டினின்றும் பெயர்த்தனர். தோட்டத்திலோ பிள்ளை லயத்தை விட்டு அகலாதிருத்தலே முதலாளிக்கு வேண்டியிருந்தது. ஆகவே பள்ளி பிள்ளையிடம் கொண்டுவரப்பட்டது. பத்து வயதோடு கடமையும் முடிந்தது. பத்து வயதின் பின் பிள்ளை எங்கே செல்லும் என்பதற்கு, 1927ஆம் ஆண்டு இந்தியத் தொழிலாளர் கட்டளைச் சட்டம் ஆண், பெண் ஆகியோருடன் பிள்ளைகளுக்கும் தனிக் கூலி விகிதம் வகுக்க இடமளித்தமையே விடையாகும்.

ஊவா 1886இல் தனி மாகாணமாயிற்று. கோப்பி அழிந்து தேயிலை பரவிய காலமது. புகையிரதப் பாதை 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் எட்டிய போதிலும், பதுளையை வந்தடைய 1924 வரை சென்றது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, பூனாகலை எனப் பரந்த தோட்டங்கள் பலவற்றிலிருந்து நகரப் பள்ளியொன்றுக்கு நாளாந்தம் நடந்து மீளுதல் பிள்ளைகளால் இயலாதது. தோட்டப் பள்ளியே அவர்கள் கண்ட ஒரே பள்ளி. சட்டம் வருமுன்பே, தமிழகக் கிராமத்துத் திண்ணைப் பள்ளியின் தொடர்ச்சியாக, எழுத்தறிந்த ஒருவர் லயத்து வாசலில் மாலை வேளைகளிற் பிள்ளைகளைக் கூட்டி அரிச்சுவடி கற்பிக்கும் வழக்கம் இருந்தது. துரைமார் அதனைத் தடுக்கவில்லை, பொருட்படுத்தவுமில்லை. சட்டத்தின் பின் எழுந்த பள்ளியும் பெரும்பாலும் ஓர் அறைக் கட்டடமே. முதலாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஓர் ஆசிரியரே ஒரே கூரையின் கீழ் நடத்துவார். அரசாங்க நன்கொடை ஓரளவு கிடைத்தாலும், அவரது சம்பளமும் குடியிருப்பும் தோட்டத்தின் கையிலேயே இருந்தன. கணக்கப்பிள்ளைக்குக் கீழ்ப்பட்ட உத்தியோகத்தராகவே அவர் மதிக்கப்பட்டார். எழுத்து வேலைகளுக்கும் அவரை அழைத்துக்கொள்வதுண்டு. அதிகாலைப் பெரட்டில் தாயும் தந்தையும் பெயர் கொடுத்து மலைக்கேறிய பின், பிள்ளைக்காம்பரா இல்லாத அல்லது போதாத இடங்களில் கைக்குழந்தை மூத்த பெண்பிள்ளையின் பொறுப்பாயிற்று. அவள் குழந்தையை இடுப்பிற் சுமந்தபடி வகுப்பில் அமர்ந்தாள், அல்லது வராதொழிந்தாள். கொழுந்து மிகும் மாதங்களில் வகுப்பு மெலிந்தது. பள்ளியை முதலில் விட்டு நீங்கியோர் பெண்பிள்ளைகளே.

இவ்விரு வரலாறுகளையும் ஒன்றென்று கூறிவிடுதல் தகாது. கனடாவில் ஒன்றரை இலட்சம் அளவிலான பிள்ளைகள் அப்பள்ளிகளிற் சேர்க்கப்பட்டனர். தாய்மொழி பேசியமைக்காக அடியுண்டோர் பலர். திரும்பி வராதோரும் ஆயிரக்கணக்கினர். 2015இல் தன் பணியை முடித்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு இதனைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றது. தோட்டப் பள்ளியிலோ தமிழே போதனாமொழி. தாய் தந்தையரிடமிருந்து பிள்ளை பிரிக்கப்படவுமில்லை. கனடாவின் ஆதிக்குடிகளோடு ஊவாவில் நேராக வைத்து எண்ணத்தக்கவர், மகியங்கனையை அடுத்த தம்பானையில் வாழும் வேடுவரே. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது வேட்டைக்காட்டை இழந்த அம்மக்களின் மொழி, சிங்களமொழிப் பள்ளியினதும் குடியேற்றத்தினதும் நடுவே தேய்ந்தமை தனி ஆய்வுக்குரியது.

விடுதி பற்றியும் ஒன்று கூறவேண்டும். ஊவாவிலே மிஷன் பணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே வலுப்பெற்றிருந்தது. ஆயினும் ஐந்தாம் வகுப்பைக் கடந்த தோட்டப் பிள்ளைக்கு மேற்படிப்பின் வழி பதுளை, பண்டாரவளை முதலான நகரங்களிலேயே இருந்தது. அதற்கு அங்கு தங்க இடம் வேண்டும், தங்குவதற்குப் பணமும் வேண்டும். கனடாவின் ஆதிக்குடித் தாய் எதற்கு அஞ்சித் தன் பிள்ளையை ஒளித்தாளோ, அதற்காக ஊவாவின் தோட்டத் தாய் ஏங்கினாள். ஒப்பீட்டாய்வில் இம்முரணைத் தவறவிடுவோர் இரு சமூகத்தையும் விளங்கிக்கொள்ளார் என்பதே எம் கருத்து.

1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தோட்டப் பள்ளிகள் அதன் ஓரத்திலேயே நின்றன. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசைச் சேர்ந்த எஸ். எம். சுப்பையா பதுளைத் தொகுதியில் வென்றார். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் அவரைத் தெரிவு செய்த மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. பள்ளிக்காகக் குரல் கொடுக்கப் பிரதிநிதியின்றியே ஒரு தலைமுறை கழிந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் தோட்டங்களிடமே விடப்பட்டன. நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், எழுபதுகளின் பிற்பகுதியிலேதான் அவற்றுட் பெரும்பாலானவை கல்வி அமைச்சின் கீழ் வந்தன. இலவசக் கல்வி மலையேற முப்பது ஆண்டுகள் பிடித்தன. இதற்கிடையே 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் பட்டினி லயங்களிற் புகுந்தபோது பிள்ளைகள் பலர் பள்ளியை நிரந்தரமாகவே விட்டனர்.

இவ்வரலாற்றை எழுத நம்மிடமுள்ள ஏடுகள் எவை? கல்விப் பணிப்பாளரின் நிருவாக அறிக்கைகள், தோட்ட முதலாளிமார் சங்கத்தின் வெளியீடுகள், கண்டியிலிருந்த இந்திய அரசாங்க முகவரின் ஆண்டறிக்கைகள் என்பவையே பிரதானமானவை. பள்ளிகளின் தொகை அவற்றில் உண்டு. வரவு வீதமும் உண்டு. இடுப்பில் குழந்தையோடு அமர்ந்த அச்சிறுமியின் குரல் அவற்றில் இல்லை. கனடாவில் ஆணைக்குழு ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் சாட்சியத்தைப் பதிவு செய்தது. அச்சாட்சியமின்றி அரசாங்க ஏடுகளை மட்டும் நம்பியிருந்தால், அவ்விடுதிகள் நல்ல பள்ளிகளாகவே வரலாற்றில் நிலைத்திருக்கும்.

தோட்ட நிருவாகத்தின் கீழிருந்த பள்ளியில் 1977இல் பத்து வயதினராயிருந்தோர் இன்று அறுபதை அண்மித்துள்ளனர். அவர்தம் ஆசிரியர்களுள் எஞ்சியோர் மிகச் சிலரே. 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையிலேயே, பசறை வீதியில் அமைந்துள்ளது. ஒலிப்பதிவுக் கருவியோடு லயங்களுக்குச் செல்லத் தூரம் அதிகமில்லை. கேட்கவேண்டிய வினாக்கள் எளியவை. பள்ளி எந்நேரத்திற் கலைந்தது? பெயர் வெட்டப்பட்ட நாளில் வீட்டில் என்ன கூறினர்? முதற் கூலியை வாங்கிய கை எவருடையது? ஆயின் ஊவாவில் மட்டும் கேட்பது போதாது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க உடன்பட்டது. தலைமன்னாரிற் கப்பலேறிய குடும்பங்களுட் பல இன்று நீலகிரியில் உள்ளன. கூடலூரிலும் கோத்தகிரியிலும், தாயகம் திரும்பியோருக்கென நடப்பட்ட அரசாங்கத் தேயிலை மலைகளிலும், ஊவாவின் ஓர் அறைப் பள்ளிகளில் அரிச்சுவடி கற்றவர்கள் முதுமையடைந்து வருகின்றனர்.