இணைய நோயாளர் குழுமங்கள்: தொடர் பயன்பாடு

ஒரே நோயுடன் வாழ்பவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் சமூக ஊடகங்களில் கூடித் தகவலும் துணையும் தேடும் குழுக்கள் இணைய நோயாளர் குழுமங்கள் எனப்படுகின்றன. நோய் தெரியவந்த பதற்றத்தில் பலர் சேர்கிறார்கள். சந்தேகம் தீர்ந்ததும் சிலர் போய்விடுகிறார்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் ஏன் தங்குகிறார்கள் என்பது தகவல் தொழில்நுட்ப ஆய்வில் தனிக் கேள்வியாகவே வளர்ந்துள்ளது.

இதற்குப் பலரும் கையாள்வது, அனோல் பட்டாச்சார்ஜி 2001-இல் முன்வைத்த எதிர்பார்ப்பு–உறுதிப்பாட்டு மாதிரி. நினைத்து வந்தது கிடைத்ததா, பயன் உண்டா, மனம் நிறைந்ததா என்பவையே ஒருவர் தொடர்வதைத் தீர்மானிக்கும் என்கிறது அது. ஆனால் அது இணைய வங்கி வாடிக்கையாளர்களிடம் சோதிக்கப்பட்ட மாதிரி. வங்கியில் யாரும் அடுத்த வாடிக்கையாளருக்கு வழி சொல்லித்தர வேண்டியதில்லை. நோயாளர் குழுமம் நிற்பதே அப்படிச் சொல்லித்தருவதால்தான்.

முதல் வகை நீரிழிவுக் குழந்தைகளின் பெற்றோர் பெருமளவில் கூடிய ‘சிஜிஎம் இன் தி கிளவுட்’ முகநூல் குழுவில் இதைத் தெளிவாகக் காணலாம். சிஜிஎம் என்னும் தொடர் சர்க்கரைக் கண்காணிப்புக் கருவியில், உடலில் பொருத்திய உணரி 5 நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவை அனுப்பும். அன்றைய கருவிகளில் அந்த எண், குழந்தையின் அருகிலிருக்கும் சிறு பெட்டியில் மட்டுமே தெரிந்தது. அமெரிக்கப் பொறியாளர் ஜான் கோஸ்டிக், எங்கோ இருக்கும் தன் மகனின் அளவைத் தான் இருக்கும் இடத்திலிருந்தே பார்க்க 2013-இல் வழி கண்டார். பிறரும் கைகொடுக்க அது ‘நைட்ஸ்கவுட்’ என்ற திறமூல மென்பொருளாயிற்று. அதை நிறுவுவது லேசான வேலை அல்ல. பெட்டியைக் கேபிளால் ஆண்ட்ராய்டு போனில் இணைக்க வேண்டும். இணையத்தில் சொந்தமாகத் தரவுத்தளம் அமைக்க வேண்டும். கணினி பழகாத பெற்றோர் நடுவழியில் மாட்டிக்கொண்டு குழுவில் கேட்டார்கள். சற்று முன்னர் அதே இடத்தில் மாட்டி மீண்டவர்கள் பதில் சொன்னார்கள். உதவி பெற்றவர் அடுத்தவருக்கு உதவுவது அங்கே எழுதாத விதியாயிற்று. 2015-இல் கருவியைத் தயாரித்த டெக்ஸ்காம் நிறுவனமே போனில் பார்க்கும் வசதியை அரசு அனுமதியுடன் தந்தது. வந்த காரணம் பெருமளவு தீர்ந்தும் குழு கலையவில்லை.

எல்லாரும் எழுதுவதில்லை. ட்ரெவர் வான் மியர்லோ 2014-இல் நான்கு இணைய நலக் குழுமங்களை ஆராய்ந்தபோது, பதிவுகளில் ஏறக்குறைய முக்கால் பங்கை 1 விழுக்காட்டினரே எழுதியிருந்தனர். மௌனமாகப் படிப்பவரைப் பயன்படுத்தாதவர் எனக் கணக்கிடுவது தவறு. படித்துத் தெளிவதும் பயன்பாடுதான். ஆயினும் எழுதும் அந்தச் சிலர் சலித்துப் போனால் மற்றவர்களுக்குப் படிக்க எதுவும் மிஞ்சாது.

விலகலுக்கு எப்போதும் ஏமாற்றமே காரணம் அல்ல; குணமானவர் போவது இயல்பு. நம்பிக்கை உடைவது வேறு. மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ள பெண்களின் மூடிய முகநூல் குழுவில் இருந்த ஆண்ட்ரியா டவுனிங், அத்தகைய குழுக்களின் உறுப்பினர் பட்டியலை வெளியாட்கள் பதிவிறக்க முடியும் என்பதை 2018-இல் கண்டறிந்தார். பெயர் வெளியே தெரிந்தாலே நோயும் தெரிந்துவிடும் இடம் அது. முகநூல் அந்த வழியை அடைத்தது. 2019-இல் நலக் குழுக்களுக்கெனத் தனி வகையை அறிமுகம் செய்து, உறுப்பினர் தன் பெயர் காட்டாமல் அட்மின் வழியாகக் கேள்வி கேட்கவும் இடம் தந்தது.